டிமரஸ் என்று எழுதப்பட்டவன்

எனக்கும் எல்லோரையும் போல ‘குட்’ என்று எழுதியிருந்தால் இதைச் சொல்ல வேண்டிய அவசியமே வந்திருக்காது. புதுக்கோட்டையில் நான் படித்த ஹைஸ்கூலில், கடைசிப் பரீட்சையில் தேறிய பையன்களுக்கு ஹெட்மாஸ்டர் கையெழுத்துப் போட்டு ஒரு கண்டக்ட் சர்டிபிகேட் கொடுப்பார்கள். அச்சடித்த தாள். பையன் பெயர், தகப்பன் பெயர், படித்த வருஷங்கள், கீழே ‘நடத்தையும் குணமும்’ என்று இங்கிலீஷில் அச்சாகி, அதற்கு நேரே ஒரு கோடு. அந்தக் கோட்டின் மேல் எல்லோருக்கும் ‘குட்’. வக்கீல் வீட்டுப் பையன் ஒருவனுக்கு ‘வெரி குட்’. பள்ளிக்கூட மணியின் நாக்கைக் கழற்றிக் கிணற்றில் போட்டவனுக்குக்கூட ‘ஸாடிஸ்பாக்டரி’. எனக்கு மட்டும் ‘டிமரஸ்’.

அந்தச் சொல்லை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எங்கள் வீட்டில் எந்தப் பாஷையிலாவது எழுத்துக் கூட்டிப் படித்த முதல் ஆள் நான்தான். ஆறு வருஷம் இங்கிலீஷ் படித்திருக்கிறேன். பாடப் புத்தகத்தில் வந்த சொல் ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதி உருப்போட்டவன். அந்த நோட்டில் இது இல்லை.

தாளை நீட்டிய கிளார்க்கிடமே கேட்டேன்.

“சார், இந்த வார்த்தை என்ன சார்?”

அவர் நெற்றியில் ஏற்றி வைத்திருந்த மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். உதடு இரண்டு தரம் அசைந்தது. தெரியாது என்று ஒரு பையனிடம் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை.

“ஹெட்மாஸ்டர் தன் கையால எழுதியிருக்காரு. சும்மா எழுதுவாரா? நீ என்ன செஞ்சியோ, அது ஒனக்குத்தான் தெரியும். தள்ளு தள்ளு, அடுத்தது யாரு?”

ஹெட்மாஸ்டரைப் போய்க் கேட்கவும் வழியில்லை. அந்த வருஷத்தோடு அவருக்கு வேலைக்காலம் முடிந்திருந்தது. சர்டிபிகேட்டுகளில் கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டு, கும்பகோணத்துக்கு அப்பால் எங்கோ இருக்கிற தம்முடைய கிராமத்துக்குக் குடும்பத்தோடு போய்விட்டார்.

நீ என்ன செஞ்சியோ. டவுனிலிருந்து திருவரங்குளம் தாண்டி எங்கள் ஊர் வரைக்கும் அந்த ஒரு வாக்கியம் என்னோடு நடந்து வந்தது. என்ன செய்தேன்? முந்தின வருஷம் பெரிய வகுப்புப் பையன்கள் கொடி பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்தை விட்டு வெளியே போனார்கள். சமஸ்தானத்துப் போலீஸ் வந்து, யார் யார் போனது என்று ஹெட்மாஸ்டரிடம் பட்டியல் கேட்டதாகப் பேச்சு. நான் போகவில்லை. ஆனால் வகுப்பிலும் இருக்கவில்லை. எந்தப் பக்கம் நின்றாலும் அடி விழும் என்று பயந்து, கோயில் மண்டபத்தில் ஒரு தூணுக்குப் பின்னால் பள்ளி விடும் நேரம் வரை உட்கார்ந்திருந்தேன். அன்று வருகைப் பதிவில் எனக்கு ஆப்சென்ட். கொடி பிடித்தவன் என்று என்னையும் சேர்த்துவிட்டாரோ? இந்தச் சொல் அதற்கான அடையாளமோ? ஆபீஸ்காரர்களுக்கு மட்டும் புரிகிற மாதிரி, பையனுக்குத் தெரியாமல் ஒரு சொல்லைப் போட்டு அனுப்புவார்கள் என்று யாரோ சொன்னதாக வேறு ஞாபகம் வந்தது. யார் சொன்னது என்று எவ்வளவு யோசித்தும் தெரியவில்லை. ஒருவரும் சொல்லாமல் நானேதான் உண்டாக்கிக்கொண்டேனோ என்னவோ.

வெயிலில் நடந்தும் எனக்கு வியர்க்கவில்லை. கை மட்டும் சில்லென்று இருந்தது. தாள் கசங்கிவிடக் கூடாதே என்று அதைச் சட்டைக்குள் வைக்காமல் இரண்டு கையாலும் முன்னால் பிடித்துக்கொண்டே வந்தேன்.

வீட்டில் அந்தத் தாளுக்கு எவ்வளவு காத்திருந்தார்கள் என்பதைச் சொல்ல வேண்டும். இரண்டு வருஷமாக மழை பொய்த்திருந்தது. எங்கள் செம்மண் கொல்லையில் கடலைச்செடி பூத்த கையோடு காய்ந்து போயிற்று. யுத்தம் நடந்துகொண்டிருந்தது. பட்டாளத்துக்கு ஆள் பிடிக்கிற லாரி மாதம் ஒரு தடவை திருவரங்குளத்துக்கு வந்து நிற்கும். எனக்கு ஒரு சர்க்கார் வேலை கிடைக்காவிட்டால் அந்த லாரியில் ஏற்றிவிடுவது என்று சித்தப்பா சொல்லி, அய்யாவும் வேறு வழி தெரியாமல் தலையாட்டியிருந்தார். எங்கள் பக்கத்தில் அப்பாவை அய்யா என்றும் அம்மாவை ஆத்தா என்றும் கூப்பிடுவது வழக்கம். அய்யா எனக்காக டவுனில் மனு எழுதுகிறவரைப் பிடித்து, சமஸ்தானத்துக் காட்டிலாகாவில் கார்டு வேலைக்கு மனு அனுப்பியிருந்தார். காட்டில் விறகு வெட்டாமல், ஆடு மேயாமல் பார்த்துக்கொள்கிற காவல் வேலை.

மறுநாள் காலை அய்யா என்னைக் கொல்லுப்பட்டறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஏர்க்கொழு அடிக்க வந்தவர்கள் நாலைந்து பேர் அங்கே குந்தியிருந்தார்கள். சித்தப்பாவும் இருந்தார்.

“வாசிடா. எல்லாரும் கேக்கட்டும்” என்றார் அய்யா.

நான் ஒரே மூச்சில் வாசித்தேன். துருத்தி போடுகிறவர்கூடக் கையை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

“தண்ணி மாதிரில்ல வருது இங்கிலீசு!” என்றார் கொல்லர்.

சித்தப்பாவுக்கு எதையும் அப்படியே விட வராது. “அது சரி. கடேசியா ஒண்ணு சொன்னியே, அதுக்கு என்னடா அர்த்தம்?”

“நல்லவன்னு அர்த்தம், சித்தப்பா.”

“நல்லவன்னா குட்டுன்னுல்ல சொல்லுவாங்க? பஸ்ஸுல டிக்கெட்டுக் கிழிக்கிறவன்கூட எடுத்ததுக்கெல்லாம் குட்டு குட்டுங்கிறான்.”

“இது அதைவிடப் பெரிய வார்த்தை.”

“அப்படிச் சொல்லு! ஊருக்குள்ள இருக்கிறவனெல்லாம் சின்ன நல்லவன், நீ பெரிய நல்லவன்.”

எல்லோரும் சிரித்தார்கள். அய்யாவும் சிரித்தார். ஒரு பொய்யைச் சொல்லியாகிவிட்டது. அது பொய்தானா என்பதும் எனக்குத் தெரியாது. அந்தச் சமயம் பார்த்து அய்யா மடியிலிருந்து இன்னொரு கடிதத்தை எடுத்தார். வருகிற புதனுக்கு அடுத்த புதன்கிழமை, அசல் சர்டிபிகேட்டுகளோடு நேரில் வரச் சொல்லிக் காட்டிலாகா ஆபீஸிலிருந்து வந்த கடிதம்.

பதினோரு நாள் இருந்தது. அந்தச் சொல்லின் அர்த்தம் தெரிந்தாக வேண்டும். பள்ளிக்கூடத்து அகராதி ஹெட்மாஸ்டர் அறையில் பீரோவுக்குள் இருந்தது. கோடை விடுமுறை, பூட்டு. டவுனில் இங்கிலீஷ் தெரிந்தவர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் கேட்கப் போனால் தாளைக் காட்டு என்பார்கள். காட்டினால், அது கெட்ட சொல்லாக இருந்தால், செய்தி எனக்கு முன்னால் காட்டிலாகா ஆபீஸுக்குப் போய்விடும் என்று நினைத்தேன். இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. ஆத்தா மிளகாய் சுற்றிப் போட்டாள்.

எங்கள் வகுப்பில் ஆவூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவப் பையன் ஒருவன் என்னோடு ஒரே பெஞ்சில் இருந்தான். அவனுடைய அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். வீட்டிலேயே அகராதி இருப்பதாக அவன் பெருமையடித்தது ஞாபகம் வந்தது. சிநேகிதனைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். பெட்ரோல் கிடைக்காத காலம். பின்னால் அடுப்பு வைத்துக் கரி போட்டு ஓட்டுகிற பஸ். மேட்டில் மூச்சு வாங்கி நின்றுவிடும், இறங்கித் தள்ள வேண்டும். பாதி வழி தள்ளியும் பாதி வழி ஏறியும் போய், இறங்கி மிச்சத்தை நடந்து, அவன் வீடு சேரும்போது பிற்பகல் ஆகிவிட்டது.

அவன் வாசலில் பனையோலையைக் கிழித்துக்கொண்டிருந்தான்.

“டேய், நீயா? யார் செத்துப்போனது? மூஞ்சி அப்படி இருக்கு.”

“ஒங்க அகராதியைக் கொஞ்சம் எடுடா.”

“அகராதி பாக்கவாடா இம்புட்டுத் தூரம் வந்தே? தண்ணியக் குடி முதல்ல.”

அட்டை போய், முதல் சில பக்கங்களும் போய், தையல் விட்டுக் கிடந்த அகராதி. நல்ல வேளையாக எனக்கு வேண்டிய எழுத்து உள்ளே தள்ளி இருந்தது. அவன் விரலை ஓட்டினான். எனக்கு அந்தப் பக்கத்தைப் பார்க்கத் துணிவில்லை. சுவரில் மாட்டியிருந்த மாதா படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

திடீரென்று அவன் சிரித்தான். கையிலிருந்த அகராதி கீழே விழுகிற மாதிரிச் சிரித்தான்.

“பயந்தவன்னு போட்டிருக்குடா! எளிதில் அச்சப்படுகிற, அச்சம் நிறைந்த, துணிவு இல்லாத… முயலுக்கு, மானுக்கு எல்லாம் சொல்லுவாங்களாம். ஹெட்மாஸ்டர் ஒன்னைய முயலுன்னு எழுதிட்டாருடா!”

எனக்கு ஒரு கணம் அப்பாடா என்று இருந்தது. கொடி பிடித்தவன் இல்லை. பொய்யன் இல்லை, திருடன் இல்லை. அந்த ஒரு கணம்தான். அடுத்த கணம் காடு ஞாபகத்துக்கு வந்தது.

“கார்டு வேலைக்குப் போறேன்டா. காட்டுக்குக் காவல். இந்தத் தாளைத்தான் காட்டணும்.”

அவன் சிரிப்பை நிறுத்தினான். வாத்தியார் வீட்டுப் பிள்ளை அல்லவா, அந்தச் சொல்லை இன்னும் கொஞ்சம் ஆராய்ந்தான். “இதுல ஒரு விசயம் இருக்குடா. பாம்பைப் பாத்துப் பயந்தவனைச் சொல்ல ‘அஃப்ரெய்ட்’னு வார்த்தை இருக்கு. அவன் பாம்பு போனதும் சரியாப் போயிருவான். இது அப்படி இல்ல. பாம்பு இருக்கோ இல்லையோ, பயந்துகிட்டே இருக்கிறவனைச் சொல்றது. குணத்தைச் சொல்றது.”

அதை அவன் என்னைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை. ஆனால் நான் யோசித்துப் பார்த்தேன். நாலு நாளாக, அர்த்தம் தெரியாத ஒரு சொல்லைக் கண்டு சோறு இறங்காமல் கிடந்தவன் நான். அந்தச் சொல்லுக்கு உதாரணம் தேடி யாரும் முயலிடம் போக வேண்டியதில்லை.

“விடுறா, ஒண்ணு பண்ணுவோம்” என்று பேனாக் கட்டையையும் மைக்கூட்டையும் எடுத்து வந்தான். “முன்னால எடம் கிடக்கு பாரு. ஒரு ‘நாட்’ போட்டுருவோம். நாட் டிமரஸ். பயமில்லாதவன்! மை ஒரே நிறமாத்தான் இருக்கு. எவன் கண்டுபிடிப்பான்?”

இடம் இருந்தது. மூன்று எழுத்துக்குக் கச்சிதமான இடம். அவன் பேனாவை மையில் தோய்த்துவிட்டான். நான் தாளைப் பிடுங்கிக்கொண்டேன். நேர்மை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். நேர்மை இல்லை. கண்டுபிடித்துவிட்டால் ஜெயில் என்கிற நினைப்புத்தான். நான் தாளை முதுகுக்குப் பின்னால் மறைத்ததைப் பார்த்து, “சரிதான், ஹெட்மாஸ்டர் தப்பா எழுதல” என்றான் அவன்.

ஊருக்குத் திரும்பியதும் அய்யாவிடமும் ஆத்தாவிடமும் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். அய்யா எல்லார் முன்னாலும் சிரித்த சிரிப்பு என்னை விடவில்லை. அய்யா மாட்டுக் கொட்டத்தில் கூளம் அள்ளிக்கொண்டிருந்தார். ஆத்தா பக்கத்தில் நின்று வரட்டி தட்டினாள்.

“அய்யா, அன்னைக்குப் பட்டறையில நான் சொன்னது பொய்ங்க. அந்த வார்த்தைக்கு நல்லவன்னு அர்த்தம் இல்ல.”

“பின்னே?”

“பயந்தவன்னு அர்த்தம்.”

அய்யா கூளத்தைக் கீழே போட்டார். அடிக்க வருகிறார் என்று நினைத்து ஓர் எட்டுப் பின்னால் போனேன். அவர் ஆத்தாவைப் பார்த்தார்.

“கேட்டியா? பயந்த புள்ளன்னு எழுதியிருக்காராம்!”

“வேற என்னத்த எழுதணும்?” என்றாள் ஆத்தா. “நம்ம வீட்டுப் புள்ளயப் பத்தி டவுனு வாத்தியாரு இம்புட்டு வெவரமா எழுதியிருக்காரே, அவரு நல்லா இருக்கணும்.”

நான் திகைத்துப் போனேன். “ஆத்தா, அது கேவலமான வார்த்தை.”

“எதுடா கேவலம்? ஒங்க அக்காவுக்கு மாப்பிள்ளை பாக்கையில மொத கேள்வி என்ன கேட்டோம்? பயந்த பையனான்னுதான கேட்டோம்? தரகரு ஆமான்னு சொன்ன பொறவுதான தட்டு மாத்துனோம்?”

உண்மைதான். எங்கள் ஊரில் ஒருவனைப் பற்றி நல்லது சொல்ல வேண்டுமானால் அப்படித்தான் சொல்வார்கள். பயந்த பையன் என்றால் பெரியவர்களுக்கு முன்னால் குரல் உயர்த்தாதவன், அடுத்தவன் பொருளைத் தொடாதவன், கள்ளுக்கடைப் பக்கம் போகாதவன் எல்லாம் அதில் அடக்கம். பயமத்தவன் என்பதுதான் திட்டு. அப்படிச் சொன்னால் வெட்டுக்குத்து நடந்துவிடும்.

“அய்யா, தமிழ்ல அப்படி. இங்கிலீஷ்ல அதுக்கு மதிப்பு இல்லைங்க.”

“அந்த எட்மாஸ்டரு வெள்ளக்காரரா?”

“இல்லைங்க. நம்ம பக்கத்து ஆளுதான்.”

“அப்புறம் என்னடா?”

அய்யா கேட்ட அந்தக் கேள்வியில்தான் எனக்கு அது நினைவுக்கு வந்தது. ஒரு தடவை மழையில் நேரம் கழித்துப் போனதற்காக ஹெட்மாஸ்டர் அறையில் நிறுத்தப்பட்டிருந்தேன். கேட்ட கேள்விக்கு வாய் வரவில்லை. பல் அடித்துக்கொண்டது. அவர் பக்கத்திலிருந்தவரிடம், “பயந்த சுபாவம். தப்புத்தண்டாவுக்குப் போகாது, பாவம்” என்று சொல்லி என்னை வகுப்புக்கு அனுப்பினார். அந்தத் தமிழைத்தான் அவர் மூன்று வருஷம் கழித்து இங்கிலீஷில் எழுதியிருக்கிறார். எல்லோருக்கும் போட்ட ‘குட்’ போதாது, இவனுக்கு இன்னும் ஒரு படி மேலே ஏதாவது செய்வோம் என்று நினைத்து, யோசித்து, தேடிப் பிடித்த சொல்லாக இருக்கும். தமிழில் என்னைத் தூக்கி வைத்தவர், இங்கிலீஷில் அதே கையால் தள்ளிவிட்டார். இது எனக்கு விளங்கிவிட்டது. காட்டிலாகா அதிகாரிக்கு யார் விளக்குவது?

விளங்கியதால் பயம் குறையவில்லை, கூடத்தான் செய்தது. ஏனென்றால் அய்யா அன்று மாலையே முடிவு செய்துவிட்டார். “நானும் ஒங்கூட வாரேன். எம் மவன் பயந்த புள்ளன்னு அந்த அதிகாரிகிட்ட நானும் ஒரு வார்த்தை சொல்றேன்.”

அந்தப் புதன்கிழமை விடியும் முன் எழுந்து நடந்தோம். அய்யா துவைத்த வேட்டி கட்டி, துண்டை மடித்துக் கக்கத்தில் வைத்திருந்தார். காட்டிலாகா ஆபீஸ் தாழ்வாரத்தில் என்னைத் தவிர இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவன் நல்ல உயரம். பட்டாளத்துக்குப் போய்க் காலில் அடிபட்டுத் திரும்பியவன் என்று சேவகன் சொன்னான். மீசையைத் தடவிக்கொண்டே என்னை ஒரு பார்வை பார்த்தான். உள்ளே போன வேகத்தில் சிரித்துக்கொண்டு வெளியே வந்தான். அடுத்தவனும் போய் வந்தான். பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். அய்யாவைச் சேவகன் வாசலிலேயே நிறுத்திவிட்டான்.

அதிகாரிக்கு நடுத்தர வயது. மேஜை மேல் ஒரு மரக்கட்டையை வைத்து அதன் வளையங்களை எண்ணிக்கொண்டிருந்தார். தாள்களை வாங்கினார். மார்க்குகளைப் பார்த்தார், தலையசைத்தார். அடுத்த தாளைப் புரட்டினார். அவருடைய கண் எந்த இடத்தில் நிற்கிறது என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பெயர். தகப்பன் பெயர். வருஷம். நின்றுவிட்டது.

புருவத்தை உயர்த்தி இங்கிலீஷில் கேட்டார். “இந்தச் சொல்லுக்கு அர்த்தம் தெரியுமா உனக்கு?”

“தெரியும், சார்.”

“இதை வைத்து ஒரு வாக்கியம் சொல்லு.”

“முயல் ஒரு டிமரஸ் பிராணி, சார்.”

“முயல் வேலைக்கு மனுப் போடவில்லையே. உன்னை வைத்துச் சொல்லு.”

மேஜை விளிம்பைப் பிடித்துக்கொள்ளலாமா என்று பார்த்தேன், அதற்கும் பயம். “நான் ஒரு டிமரஸ் பையன், சார்” என்றேன். இலக்கணம் சரியாக இருந்தது.

அவர் தாளை மூடி என் பக்கம் தள்ளினார். கோபமில்லாமல் தமிழுக்கு மாறினார். அது இன்னும் மோசம். “நீயே சொல்லிட்டே. நான் என்ன தம்பி செய்யட்டும்? காட்டுல அரிவாளோட வருவான். இருபது மைலுக்கு நீ ஒருத்தன்தான். பள்ளிக்கூட வேலை ஏதாவது பாரு. போயிட்டு வா.”

ஹெட்மாஸ்டர் அதைத் தமிழில் நினைத்து எழுதினார் என்று அப்போது நான் சொல்லியிருக்க வேண்டும். வழியெல்லாம் அந்த வாக்கியத்தை இங்கிலீஷில் தயார் செய்து வைத்திருந்தேன். ஒரு எழுத்தும் வெளியே வரவில்லை. கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

“என்னடா சொன்னாரு?” என்றார் அய்யா.

பட்டாளத்து லாரி என் கண்ணுக்கு முன்னால் நின்றது. இனிமேல் மறைத்து என்ன ஆகப் போகிறது? “வேணாம்னுட்டாரு. அந்த வார்த்தையாலதான்.”

“எந்த வார்த்தை? பயந்தவன்கிறதா?”

“ஆமாங்க.”

அய்யா கக்கத்திலிருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு நேராக உள்ளே நடந்தார். “யோவ், யோவ், எங்க போற?” என்று சேவகன் பின்னால் ஓடினான். நானும் ஓடினேன். நடக்கப் போவதை நினைத்து எனக்குக் கண் இருட்டியது. அய்யா தாசில்தார் வருகிற வழியில்கூட நிற்க மாட்டார், ஓரமாக ஒதுங்கிவிடுவார். அவரை இதுவரை எந்த ஆபீஸுக்குள்ளும் நான் பார்த்ததில்லை.

அதிகாரி தலையைத் தூக்கினார். அய்யா கும்பிட்டார். குரல் உடைந்துதான் வந்தது.

“சாமி, கோவிச்சுக்கக் கூடாது. எம் மவன் பயந்தவன்தாங்க. பொறந்ததுலேருந்து அப்படித்தான். அதுக்காக வேணாங்கிறீங்களாம். மரம் வெட்ட வாரவனுக்கும் பயம் இல்ல. காவலுக்கு வைக்கிற ஆளுக்கும் பயம் இல்லன்னா, அப்புறம் காட்டுக்கு யாருங்க இருக்கா? முன்னாடி இருந்த கார்டு ஒருத்தருக்கும் பயப்பட மாட்டாரு. சாமிக்குப் பயப்பட மாட்டாரு, ஒங்களுக்கும் பயப்பட மாட்டாரு. உசிலை மரமும் வீரை மரமும் வண்டி வண்டியாப் போச்சுங்க. நாங்க ரோட்டோரத்துல நின்னு பாத்துக்கிட்டுத்தான இருந்தோம்.”

சேவகன் அய்யாவின் தோளைப் பிடித்தான். அதிகாரி கையசைத்து அவனை நிறுத்தினார். அவர் முகம் சிவந்திருந்தது. தொலைந்தோம், அய்யாவை இப்போதே போலீஸில் ஒப்படைப்பார் என்று நினைத்தேன்.

“இங்க வா” என்றார் என்னைப் பார்த்து. “பத்துப் பேர் அரிவாளோட காட்டுக்குள்ள நிக்கிறான். நீ என்ன பண்ணுவே? பொய் சொல்லாமச் சொல்லு.”

பொய் சொல்லத் தெம்பு இருந்தால்தானே? “ஓடிருவேங்க.”

“ஓடி?”

“ஓடி இங்க வந்து சொல்லிருவேங்க.”

“ஏன் சொல்லணும்? பேசாம வீட்டுக்குப் போயிடலாமே.”

“நாளைக்கு ஒங்களுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்னு பயமா இருக்குமுங்க.”

அவர் மேஜை மேல் கிடந்த மரக்கட்டையை எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். “முன்னாடி இருந்தவன் ஓடவும் இல்லை, வந்து சொல்லவும் இல்லை” என்றார். அதை எங்களிடம் சொன்ன மாதிரித் தெரியவில்லை. பிறகு என் தாளை மறுபடியும் கேட்டு வாங்கினார். அந்தச் சொல்லுக்கு அடியில் பென்சிலால் ஒரு சின்னக் கோடு போட்டார். எதற்காகக் கோடு போட்டார் என்று இன்று வரை எனக்குத் தெரியாது. “ஆறு மாசம் பாக்கிறேன். திங்கக்கிழமை வந்து சேரு. நீ ஒண்ணைக் கண்டு வந்து சொல்லாம இருந்துட்டேன்னு தெரிஞ்சுது…” என்று நிறுத்தினார். மிச்சத்தைச் சொல்லவில்லை. அவசியமும் இல்லை. நானே முடித்துக்கொண்டேன், அவர் சொல்லக் கூடியதைவிடப் பயங்கரமாக.

தாழ்வாரத்தில் அந்த மீசைக்காரன் இன்னும் நின்றுகொண்டிருந்தான். எங்களைப் பார்த்து, “என்ன பெரியவரே, சத்தமா இருந்துச்சு?” என்றான். அய்யா கும்பிட்டுவிட்டு நடந்தார். படி இறங்கி, கேட்டைத் தாண்டி, ரோட்டுக்கு வந்துவிட்டோம். வேலை கிடைத்துவிட்டது. லாரி இல்லை, யுத்தம் இல்லை. சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்துக்கொண்டே நடந்தேன். வந்தது அது இல்லை. திங்கட்கிழமைதான் நினைவுக்கு வந்தது. காரையும் சூரையுமாக முட்புதர் அடர்ந்து கிடக்கிற இருபது மைல் காட்டில் ஒற்றை ஆளாக நான் நிற்பது தெரிந்தது. ஒரு அம்பது கஜம் போவதற்குள் கால் என் சொல்லைக் கேட்கவில்லை.

“அய்யா, செத்த உக்காந்துட்டுப் போவோம்.”

“ஏன்டா?”

“பயமா இருக்குங்க.”

அவர் ரோட்டோரப் புளியமரத்தின் வேரில் உட்கார்ந்தார். இடுப்பில் கட்டிய துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார்.

“எனக்கும் தொடை ரெண்டும் நடுங்குதுடா. உள்ள போயி என்ன பேசினேன்னே ஞாபகம் இல்ல. தப்பா எதுவும் பேசிட்டேனா?”

“இல்லைங்க. நல்லாத்தான் பேசினீங்க.”

“சாமின்னுதான சொன்னேன்?”

“சாமின்னுதான் சொன்னீங்க.”

கரி பஸ் ஒன்று புகையைக் கக்கிக்கொண்டு எங்களைத் தாண்டிப் போயிற்று. அய்யா அது மறையும் வரை பார்த்தார்.

“அந்தக் காட்டுல பாம்பு நெறைய இருக்குமோ?”

“இருக்கும்னுதான் சொல்றாங்க.”

எழுந்து நடக்க இரண்டு பேருக்கும் வெகுநேரம் பிடித்தது.